ரிவர்ஸ் விழாது

முன்னால் சுவர் இருந்தால் நிறுத்த மாட்டேன்.
பகாவ் கடைத்தெருவில் எல்லாருக்கும் தெரியும்.
முன்னால் இன்னொரு வண்டி வந்து அடைத்துவிட்டால்
அவன் தே தாரிக் குடித்து முடிக்கும்வரை
எனக்கும் வேறு வேலையில்லை.

வாங்கிய பதினோராம் நாள் ரிவர்ஸ் போயிற்று.
ஒன்பதாயிரத்து ஐந்நூறு வெள்ளி.
பாதி என் சங்கிலி, மீதி கூட்டுப் பணம்.
"குடும்ப வண்டிக்கா, ஒரு ஆசிரியர் ஓட்டுனது,
ஞாயித்துக்கிழமை சந்தைக்குப் போனா உண்டு"
என்றான் விற்றவன்.
சொல்லும்போது பானட்டின் மேல் கை வைத்திருந்தான்
பிள்ளையின் தலையில் வைப்பதுபோல.
நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

லியோங் முதலில் எதுவும் சொல்ல மாட்டான்.
அட்டையை விரித்து வண்டிக்கடியில் நுழைவான்,
கால் இரண்டும் வெளியே கிடக்கும்.
பாதம் ஆடினால் முந்நூறு.
அசையாமல் கிடந்தால்
ஆயிரத்துக்கு மேல்.
அன்றைக்கு அரைமணி நேரம் அசையவில்லை.
"கியர்பாக்ஸ். நாலாயிரத்து இருநூறு,
ஜப்பான் பழசு, ஒரு மாசம்தான் கேரண்டி."
தோட்டத்தில் வளர்ந்தவன், எங்கள் தமிழ்தான் பேசுவான்.
என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னான்:
"முன்னால போவுதுல்ல?"

போகிறது.
விடியற்காலை நாலே முக்காலுக்கு
செம்பனைக்கு நடுவே பவளக்கொடி, நூர் அசிகின்,
அக்கா தங்கை மாதிரி சண்டை போடும் இரண்டு சாந்திகள்.
செனவாங் தொழிற்சாலை, ஏழு மணி ஷிப்ட்.
புக்கிட் புத்துஸ் ஏற்றத்தில்
ஊசி சிவப்பைத் தொடும்.
ஏர்கோனை அடைப்பேன்.
நான் சொல்லாமலே கண்ணாடிகளை இறக்குவார்கள்.
பவுடர் வாசனை வெளியே போகும், பனி உள்ளே வரும்.
மேடு முடியும்வரை யாரும் பேசுவதில்லை,
பேச்சும் பாரம்தான் என்பதுபோல.

கடைசி இருக்கைக்கடியில் ஒருநாள் ஒரு பில் கிடைத்தது.
கோலப்பிலா பட்டறை. கியர்பாக்ஸ், இரண்டாம் தடவை.
ஓரத்தில் ஒரு கைபேசி எண்.
மலாயில் நாலு வாக்கியம் கோபமாகச் சேர்த்து வைத்துக்கொண்டு
கூப்பிட்டேன்.
சிக்கு ஹசான் என் பேச்சை முடிக்க விடவில்லை.
"இன்னும் ஓடுதா?" என்றார்.
ஊரைவிட்டுப் போன பெண்ணைப் பற்றிச்
சேதி கிடைத்தவர்போல அப்படி ஒரு குரல்.
"ஓடுது சிக்கு" என்றேன்.
கோபத்தை எங்கே வைத்தேன் என்று
அப்புறம் தேடியும் கிடைக்கவில்லை.

புதன்கிழமை யுகேந்திரன் வந்தான், வாங்க.
நாசி லெமாக் கடை போடப் போகிறானாம்.
கல்யாணமாகி மூன்று வாரம்.
அவன் மனைவியின் நகத்தில் மருதாணி இன்னும் இருந்தது.
நசுங்கின முன்பக்கம் தெரியாமலிருக்க
முதல்நாள் ராத்திரியே
வேனைச் சுவரைப் பார்த்து நிறுத்தியிருந்தேன்.
சனியன், அன்றைக்கென்று
ஒரே திருகலில் எடுத்தது. பூனைபோல உறுமியது.
என் கை தானாகப் போய் பானட்டின் மேல் உட்கார்ந்தது.
வெயிலில் சுட்டது, எடுக்கவில்லை.
"குடும்ப வண்டி தம்பி, ஒரு ஆசிரியர்..."
அந்தப் பெண் பின்னால் ஏறி
சாணால் இடம் அளந்தாள்.
"பெரிய பானை இங்க, முட்டை அங்க."

"ரிவர்ஸ் போட்டுப் பாருங்க"
என்று யாரோ சொன்னார்கள்.
திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை.
நான்தான்.

அவர்கள் மோட்டார் சைக்கிளில் ஏறி
காலால் உந்திப் பின்னுக்கு வந்து
திருப்பிக்கொண்டு போனார்கள்.
எவ்வளவு சுலபமாக.

மறுநாள் நாலே முக்கால்.
வேனும் சுவரும் முகத்தோடு முகம்.
பவளக்கொடி ஒன்றும் கேட்கவில்லை.
சோற்றுப் பாத்திரத்தைத் தரையில் வைத்தாள்.
மற்ற மூவரும் வைத்தார்கள்.
இடுக்கில் நுழைந்து, முதுகைச் சுவரில் கொடுத்து,
உள்ளங்கைகளை நசுங்கின இடத்தில் பதித்தார்கள்.
நியூட்ரலில் போட்டேன்.
முன்விளக்கு வெளிச்சத்தில் நாலு முகங்கள்
கண்ணைச் சுருக்கிக்கொண்டு
என்னை நோக்கி நடந்து வருகின்றன,
நான் பின்னால் போகிறேன்.

"பிரேக்கு! பிரேக்கு!" பவளக்கொடி கத்துகிறாள்.
பின்னால் சாக்கடை.

பிடித்தது.
அது போன மாசம் போட்டது,
இருநூற்று எண்பது.